கரை தழுவும் காலாங்

நுழையும்முன்

ஆற்றைக் கண்டவர் அதன் கரையில் சற்று அமர விரும்புவர். வடிகாலைக் கண்டவர் விரைந்து கடந்துபோக விரும்புவர். ஓடுவது ஒரே நீர்தான் என்றாலும், கரையின் தன்மை மாறும்போது மனிதருக்கும் நீருக்குமான உறவும் மாறிவிடுகிறது. கற்காரைச் சுவர்களுக்கு இடையே அடைபட்டிருந்த ஓர் ஆறு, சிங்கப்பூரில் மீண்டும் மண்கரையோடும் மக்களோடும் சேர்க்கப்பட்டது. அந்த ஆற்றங்கரைப் பூங்கா உருவான வரலாற்றையும் அது இயங்கும் முறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இரு நகரங்களுக்கு இடையே

சிங்கப்பூரின் நடுப்பகுதியில் பீஷான், அங் மோ கியோ என்னும் இரு குடியிருப்பு நகரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அடுக்குமாடி வீடுகள் நிறைந்த அவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 62 எக்டேர் பரப்பில் விரிந்துள்ளது, பீஷான் – அங் மோ கியோ பூங்கா. 1988ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இப்பூங்கா, முற்றிலும் புதுப்பிக்கப்பட்டு 2012ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மீண்டும் திறந்துவைக்கப்பட்டது. இதனூடே வளைந்து நெளிந்து ஓடுகிறது காலாங் ஆறு.

காலை வேளையில் பூங்காவினுள் நுழைபவரின் கண்ணில் முதலில் படுவது, ஆற்றுக்கும் நடைபாதைக்கும் இடையே சுவரோ வேலியோ இல்லாமைதான். புல்மேடு மெல்லச் சரிந்து நீரைத் தொடுகிறது. முதியோர் மரநிழலில் உடற்பயிற்சி செய்கின்றனர், இளையோர் ஓடுகின்றனர், சிறுவர் கணுக்கால் அளவு நீரில் இறங்கிச் சிறுமீன்களைத் தேடுகின்றனர். நீரின் நடுவே பதிக்கப்பட்ட மிதிகற்களின் வழியே சிலர் அக்கரைக்குச் செல்கின்றனர். ஆழமற்ற பகுதியில் கொக்கு ஒன்று அசையாது நிற்கிறது. இக்காட்சியைக் காண்போர், இந்த ஆறு என்றென்றும் இவ்வாறே ஓடிக்கொண்டிருக்கிறது என எண்ணக்கூடும். 2009ஆம் ஆண்டு வரை இங்கு இருந்தது நேர்கோடாக வெட்டப்பட்ட ஒரு கற்காரைக் கால்வாய் என்பதைச் சொன்னால்தான் தெரியும்.

ஆறு கால்வாயான கதை

காலாங், சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து தொடங்கி, ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவு பாய்ந்து, மரினா நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. ஒரு காலத்தில் இதன் முகத்துவாரத்தில் படகுகளையே வீடாகக் கொண்டு மக்கள் வாழ்ந்தனர். 1819ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இத்தீவில் வந்திறங்கியபோதும் அம்மக்கள் அங்கிருந்தனர். 'ஓராங் காலாங்' என வழங்கப்பட்ட அவர்கள் பின்னர் சொகூர் பகுதிக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். மக்கள் மறைந்தாலும் அவர்தம் பெயர் ஆற்றோடு நிலைத்துவிட்டது.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மி.மீ. மழை பொழிகிறது. திடீரெனக் கொட்டும் மழையால் தாழ்வான பகுதிகளில் அடிக்கடி வெள்ளம் சூழ்ந்தது. நகரம் வேகமாக வளர, மழைநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த மண்பரப்பு சாலைகளாகவும் கட்டடங்களாகவும் மாறியது. பெய்த நீர் நின்று செல்ல இடமின்றி ஒரே நேரத்தில் ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. எனவே பொறியாளர்கள் ஆறுகளையும் ஓடைகளையும் ஆழப்படுத்தி, நேராக்கி, கற்காரையால் கரை கட்டினர். வளைவுகள் இல்லாத வழவழப்பான கால்வாயில் நீர் விரைந்தோடும், வீடுகளுக்குள் புகாது. அன்றைய தேவைக்கு அது தக்க தீர்வாகவே இருந்தது. பல குடும்பங்களை வெள்ளத்திலிருந்து காத்தது.

ஆயினும் அத்தீர்வுக்கு ஒரு விலை இருந்தது. செங்குத்தான சுவர்களைக் கொண்ட கால்வாயில் தவறி விழுந்தவர் எளிதில் ஏறிவர இயலாது. எனவே வேலி போடப்பட்டது. வேலிக்கு அப்பால் சென்ற நீரை மக்கள் பார்ப்பதை விட்டனர். பார்க்காத நீரைப் பற்றிக் கவலைப்படுவோர் யார்? மீனுக்கு ஒதுங்க நிழல் இல்லை. பறவைக்கு இரை இல்லை. செடிக்கு வேரூன்ற மண் இல்லை. மழை இல்லாத நாள்களில் அகன்ற கால்வாயின் நடுவே சிறுகோடாக நீர் ஓடியது. ஆறு என்னும் பெயர் நிலப்படத்தில் மட்டும் எஞ்சியது.

தாகமும் வெள்ளமும்

சிங்கப்பூரின் நீர்நிலையில் ஒரு முரண்பாடு உண்டு. மழை மிகுதி, ஆனால் அந்த மழையைத் தேக்கிவைக்கும் நிலம் குறைவு. பெரிய ஆறுகளோ உயர்ந்த மலைகளோ இல்லாத சிறுதீவு அது. எனவே அண்டை நாடான மலேசியாவின் சொகூர் மாநிலத்திலிருந்து குடிநீர் பெற, 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் உடன்பாடுகள் செய்துகொள்ளப்பட்டன. முதல் உடன்பாடு 2011இல் முடிவுற்றது. இரண்டாவது 2061 வரை நடப்பில் இருக்கும். குடிநீருக்காகப் பிறரை எதிர்நோக்கியிருக்கும் ஒரு நாடு, தன் மண்ணில் பெய்த மழையைக் கால்வாய் வழியே கடலுக்கு விரட்டிக்கொண்டிருந்தது. வெள்ளத்துக்கு அஞ்சி நீரை விரட்டுவதா, தாகத்துக்கு அஞ்சி நீரைத் தேக்குவதா என்னும் கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது.

விடை காணுமுன் நீரைத் தூய்மையாக்க வேண்டியிருந்தது. 1970களில் சிங்கப்பூர் ஆறும் காலாங் படுகையும் கழிவுகளால் கருத்து, நாற்றமெடுத்துக் கிடந்தன. பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், படகுப் பட்டறைகள், தெருவோர உணவுக் கடைகள், கழிவுநீர் இணைப்பில்லாத குடிசைகள் ஆகியவற்றின் கழிவு நேரே ஆற்றில் கலந்தது. 1977ஆம் ஆண்டில் அன்றைய தலைமையமைச்சர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளுக்குள் இவ்வாறுகளைத் தூய்மைப்படுத்த வேண்டும் என இலக்கு வைத்தார். 1987இல் அப்பணி நிறைவேறியது.

இப்பணி எளிதாக முடிந்ததன்று. பல்லாயிரம் குடும்பங்கள் ஆற்றங்கரையை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. பண்ணைகள் மூடப்பட்டன. தெருவோர வணிகர்கள் அங்காடி நிலையங்களுக்கு மாறினர். தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழிலைச் சிலர் இழந்தனர். இன்று தெளிந்தோடும் நீரைக் காண்பவர், அதன் பின்னே இம்மக்கள் கொடுத்த விலையையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

2008ஆம் ஆண்டில் மரினா கால்வாயின் முகப்பில் அணை கட்டப்பட்டது. கடல்நீர் உட்புகுவதை அது தடுத்தது; ஆறுகள் கொண்டுவரும் மழைநீர் நகரின் நடுவிலேயே நன்னீர்த் தேக்கமாயிற்று. தீவின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு, இத்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதியாகும். காலாங் ஆறும் அதில்தான் கலக்கிறது. அதாவது, பீஷானில் ஆற்றில் ஒருவர் எறியும் நெகிழிப்பை, அவரே குடிக்கப்போகும் நீரை நோக்கிப் பயணம் தொடங்குகிறது.

[தெரிந்து தெளிவோம்
சிங்கப்பூரின் குடிநீர் நான்கு வழிகளில் பெறப்படுகிறது. அவை: உள்நாட்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் சேரும் மழைநீர், மலேசியாவிலிருந்து பெறும் நீர், கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்துப் பெறும் 'புதுநீர்', கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிப் பெறும் நன்னீர். அந்நாட்டு நிலப்பரப்பில் மூன்றில் இரு பங்கு, மழைநீர்ப்பிடிப்புப் பகுதியாகப் பயன்படுகிறது.]

வளைவின் பயன்

2006ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம், நீர்நிலைகளைத் துடிப்பும் அழகும் தூய்மையும் உள்ளவையாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஒரு பகுதியாக, தேசியப் பூங்காக் கழகத்துடன் இணைந்து காலாங் கால்வாயை மீண்டும் ஆறாக்க முடிவு செய்தது. கால்வாய் பழுதடைந்திருந்தது, பூங்காவும் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. இரண்டையும் தனித்தனியே செய்யாமல் ஒன்றாகச் செய்தால் என்ன என்னும் எண்ணமே இம்மாற்றத்தின் விதை.

2.7 கி.மீ. நீளமுள்ள நேர்க்கால்வாய் உடைக்கப்பட்டது. அவ்விடத்தில் ஏறத்தாழ 3.2 கி.மீ. நீளமுள்ள வளைந்த ஆறு உருவாக்கப்பட்டது. தொடக்கமும் முடிவும் மாறாமலே நீளம் கூடியதற்குக் காரணம், வளைவுகள். வளைந்தோடும் நீர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வளைவின் வெளிப்புறத்தில் ஆழமும் உட்புறத்தில் மணல்திட்டும் உண்டாகின்றன. ஆழத்தில் ஒருவகை மீன், ஆழமற்ற இடத்தில் வேறுவகை மீன், திட்டில் பறவை, ஓரத்துச் செடியில் தட்டான். நேர்க்கோட்டில் இல்லாத பன்மையை வளைவு தருகிறது.

இங்குக் கையாளப்பட்ட முதன்மையான கருத்து வெள்ளச் சமவெளி என்பதாகும். இயற்கையான ஆறு எதுவும் எப்போதும் ஒரே அகலத்தில் ஓடுவதில்லை. கோடையில் ஒடுங்கும், மழையில் பரவும். பரவுவதற்கு அது வைத்திருக்கும் இடமே வெள்ளச் சமவெளி. அவ்விடத்தை மனிதர் எடுத்துக்கொள்ளும்போது, ஆறு தன் இடத்துக்கு வருகிறது. மக்கள் அதனை வெள்ளம் புகுந்தது என்கின்றனர். பீஷான் பூங்காவில் அந்த இடம் ஆற்றுக்கே திருப்பியளிக்கப்பட்டது. மழையில்லாத நாள்களில் ஆறு நடுவே அமைதியாக ஓடும். இருபுறச் சரிவுகளும் மக்களுக்குரிய புல்வெளியாகும். பெருமழையின்போது அப்புல்வெளியே ஆற்றின் படுகையாகிவிடும். பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர்; புதிய ஆறோ பெருமழையில் ஏறத்தாழ 100 மீட்டர் வரை விரியக்கூடியது. வெள்ளநீரைக் கொண்டுசெல்லும் திறன் பழைய கால்வாயைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு மிகுந்தது. ஆற்றை விடுவித்தால் வெள்ளம் பெருகும் என்னும் அச்சம் இவ்வாறு நீங்கியது.

வேர்கள் கட்டிய கரை

கற்காரையை நீக்கிவிட்டால் மண்கரை அரித்துப் போகாதா என்பது இயல்பாக எழும் ஐயம். இதற்கு விடையாக அமைந்தது, உயிருள்ள செடிகளையும் கற்களையும் இயற்கை இழைகளையும் கொண்டு கரையை வலுப்படுத்தும் முறை. ஐரோப்பாவில் நெடுங்காலமாக அறியப்பட்ட இம்முறை, வெப்பமண்டல மழையைத் தாங்குமா என்பது தெரியவில்லை. ஆகவே திட்டத்தின் வடிவமைப்பாளர்கள் முதலில் முழு ஆற்றிலும் கைவைக்கவில்லை. 2009இல் பூங்காவிலிருந்த ஒரு பக்க வடிகாலில் 60 மீட்டர் நீளத்துக்குச் சோதனை செய்தனர். பத்து வகை உத்திகளையும் பல்வேறு செடிகளையும் கையாண்டு பார்த்தனர். அவற்றுள் ஏழு உத்திகளே ஆற்றுக்கு ஏற்றவை எனத் தேர்ந்தெடுக்கப்பட்டன.

கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கரையோரம் பதித்தல், கற்களின் இடுக்குகளில் துளிர்க்கும் குச்சிகளை ஊன்றுதல், கற்கூடைகளை அடுக்கி அவற்றின் இடையே செடி வளர்த்தல், நாணல்களைச் சுருளாக்கி நீரோரம் வைத்தல் போன்றவை அவ்வுத்திகளுள் சில. கற்காரைக் கரை புதிதாக இருக்கும் காலத்தில் வலிமையாக இருக்கும். பின்னர் காலப்போக்கில் தேயும். உயிர்க்கரையோ முதல் நாளில் வலுவற்றது. வேர் பரவப் பரவ வலிமை கூடும். சிதைந்த இடத்தில் தானே துளிர்க்கவும் செய்யும்.

உடைத்தெடுத்த கற்காரைப் பாளங்களும் வீணாகவில்லை. அவற்றை அடுக்கிப் பூங்காவில் ஒரு குன்று எழுப்பப்பட்டது. 'மறுபயன்பாட்டுக் குன்று' எனப் பொருள்படும் பெயருடைய அக்குன்றின் மீதேறி நிற்பவர், பழைய கால்வாயின்மேல் நின்று புதிய ஆற்றைப் பார்க்கிறார்.

நீரைத் துலக்கும் செடிகள்

பூங்காவை மேரிமவுண்ட் சாலை இரண்டாகப் பிரிக்கிறது. ஒருபுறம் குளங்கள் நிறைந்த பகுதி. மறுபுறம் ஆற்றுச் சமவெளி. குளங்கள் உள்ள பகுதியில் படிப்படியாக அமைந்த பதினைந்து பாத்திகள் உள்ளன. அழகுக்காக வைத்த தோட்டம் போலத் தோன்றினாலும் அவை ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையைச் செய்கின்றன. நீர் இப்பாத்திகளின் வழியே மெல்லக் கசிந்து செல்கிறது. மணல், சரளை முதலியவை கலந்த அடுக்கு கசடுகளைத் தடுத்துவிடுகிறது. செடிகள் நீரில் கரைந்துள்ள மிகுதியான சத்துகளை உறிஞ்சுகின்றன. வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிரிகள் கழிவுகளைச் சிதைக்கின்றன. இவ்வாறு துலங்கிய நீர் குளங்களுக்குச் செல்கிறது. சிறுவர் விளையாடும் நீர்த்திடலுக்குச் செல்லும் நீர் மட்டும், புற ஊதாக் கதிர்களால் மேலும் தூய்மைப்படுத்தப்படுகிறது. குழந்தை விளையாடும் நீரை நம்பிக்கையின் பேரில் மட்டும் விட்டுவிடக்கூடாது என்னும் கவனம் இதில் வெளிப்படுகிறது.

மழை வரும்போது

வேலி இல்லாத ஆறு அழகானது. அதே வேளையில் இடருக்கும் இடமளிப்பது. வெப்பமண்டல மழையில் ஆற்றுநீர் சில நிமிடங்களிலேயே உயரக்கூடும். பூங்காவில் வானம் தெளிவாக இருக்கும்போதே மேற்பகுதியில் பெய்யும் மழையால் நீர் பெருகவும் கூடும். இதனை எதிர்கொள்ள, நீர்மட்டத்தை அளக்கும் உணரிகள் பொருத்தப்பட்டுள்ளன. மட்டம் உயரத் தொடங்கினால் எச்சரிக்கை விளக்குகள் ஒளிரும், ஒலிப்பான் முழங்கும், கரையை விட்டு விலகுமாறு அறிவிப்பு ஒலிக்கும். கரையோரங்களில் உயிர்காப்பு மிதவைகளும் வைக்கப்பட்டுள்ளன. சரிவுகள் மென்மையானவை ஆதலால் எவரும் சில அடிகள் மேலேறினாலே பாதுகாப்பான இடத்தை அடையலாம்.

கருவிகள் எச்சரிக்கலாம், எழுந்து நடக்க வேண்டியவர் மனிதரே. ஒலிப்பான் முழங்கிய பின்னும் 'இன்னும் சற்று நேரம்' என நிற்பவருக்கு எந்தக் கருவியும் உதவாது. சுவர் இருந்தபோது மனிதரைக் காப்பது சுவரின் வேலையாக இருந்தது. சுவர் நீங்கியபின் அப்பொறுப்பு மனிதரிடமே வந்து சேர்ந்தது. நீரின் போக்கை அறிந்து நடத்தல், கருமேகம் திரண்டால் கரையேறுதல், சிறுவரைத் தனியே இறங்கவிடாமை ஆகிய அறிவை ஒவ்வொருவரும் பெற்றாக வேண்டும். திறந்த கரை, அறிந்த மக்களை வேண்டி நிற்கிறது.

அழையாமல் வந்த விருந்தினர்

புதிய ஆற்றில் எந்த விலங்கும் கொண்டுவந்து விடப்படவில்லை. எனினும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே பூங்காவின் பல்லுயிர் வளம் 30 விழுக்காடு பெருகியதாகக் கணக்கிடப்பட்டது. 66 வகைக் காட்டுப் பூக்களும், 59 வகைப் பறவைகளும், 22 வகைத் தட்டான்களும் அங்கு இனங்காணப்பட்டன. இடம் ஆயத்தமானதும் உயிர்கள் தாமே வந்து சேர்ந்தன.

அவ்வாறு வந்தவற்றுள் புகழ்பெற்றவை நீர்நாய்கள். ஆறுகள் மாசடைந்த காலத்தில் சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோன மென்மயிர் நீர்நாய்கள், 1998இல் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் மீண்டும் தென்பட்டன. பின்னர் நகரின் நீர்வழிகளைப் பின்பற்றி உள்ளே வந்தன. பீஷான் பூங்காவில் குடியேறிய ஒரு நீர்நாய்க் குடும்பம் நாட்டு மக்களின் செல்லமாகவே ஆகிவிட்டது. உண்ண மீனும், வளை அமைக்கக் கரையும், நீந்த நீரும் இல்லாத இடத்தில் நீர்நாய் தங்காது. எனவே அதன் வருகை, ஆறு நலம்பெற்றதற்கு இயற்கை அளித்த சான்றாகும்.

நீர்நாய்கள் எல்லாரையும் மகிழ்விக்கவில்லை என்பதும் உண்மை. வீட்டுக் குளங்களில் வளர்த்த விலையுயர்ந்த மீன்களை அவை உண்டுவிட்டதால் வருந்தியோர் உண்டு. மிக அருகில் செல்வோரை அவை குட்டிகளைக் காக்கும் பொருட்டுத் தாக்குவதும் உண்டு. இயற்கையை நகருக்குள் அழைத்த பின், அது நம் விருப்பப்படி மட்டும் நடக்க வேண்டும் என எதிர்பார்க்க இயலாது. இடைவெளி விட்டுப் பார்த்தல், உணவளிக்காமை, குட்டிகளுடன் இருக்கும்போது விலகிச் செல்லுதல் என, மனிதரும் சில ஒழுங்குகளைக் கற்றுக்கொண்டனர்.

நிறைவாக

பீஷான் – அங் மோ கியோ பூங்கா, 2012ஆம் ஆண்டின் உலகக் கட்டடக்கலை விழாவில் சிறந்த நிலவடிவமைப்பாகத் தேர்வுபெற்றது. எனினும் அதன் உண்மையான சிறப்பை விருதைவிட, மாலையில் கரையில் அமர்ந்திருக்கும் குடும்பங்களே உணர்த்துகின்றன. வெள்ளத்தைத் தடுத்தல், குடிநீரைக் காத்தல், உயிர்களுக்கு உறைவிடமளித்தல், மக்களுக்கு இளைப்பாற இடந்தருதல் ஆகிய நான்கையும் ஒரே நிலம் செய்கிறது.

எல்லா ஆற்றையும் இவ்வாறு மாற்றிவிட முடியாது. கரையை ஒட்டியே கட்டடங்கள் எழுந்துவிட்ட இடங்களில் ஆறு பரவ நிலம் கிடையாது. காலாங் ஆற்றின் பிற பகுதிகளிலேயே இன்றும் கற்காரைக் கரைகள் உண்டு. ஆற்றுக்கு அருகில் ஒரு பூங்கா ஏற்கெனவே இருந்ததால்தான் பீஷானில் இது இயன்றது. ஆதலின் இப்பூங்கா தரும் முதன்மையான படிப்பினை இதுவே: ஆற்றுக்குரிய இடத்தை விட்டுவைத்த ஊர், பிற்காலத்தில் ஆற்றை மீட்டுக்கொள்ளலாம், அவ்விடத்தையும் எடுத்துக்கொண்ட ஊருக்கு அவ்வாய்ப்பு அரிது.

சொல்லும் பொருளும்

கற்காரை – கான்கிரீட்
முகத்துவாரம் – ஆறு கடலில் கலக்குமிடம்
படுகை – ஆறு ஓடும் நிலப்பகுதி
துலங்குதல் – தெளிவடைதல்
உணரி – மாற்றத்தை அறிந்து தெரிவிக்கும் கருவி
ஆயத்தம் – முன்னேற்பாடு

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள ஆறு, ஏரி, குளம் அல்லது வாய்க்கால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அது எவ்வாறு இருந்தது என்பதை முதியோரிடம் கேட்டறிந்து, இன்றைய நிலையுடன் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுக.
2. 'ஆற்றங்கரையில் வேலி வேண்டும்', 'ஆற்றங்கரையில் வேலி வேண்டா' என்னும் இரு தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. மழைக்காலத்தில் நீர்நிலைகளின் அருகே கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு நெறிகளைத் தொகுத்து, பள்ளி அறிவிப்புப் பலகையில் இடுக.

வினாக்கள்

பலவுள் தெரிக
1. காலாங் ஆறு கலக்கும் நீர்த்தேக்கம்
அ) லோவர் பியர்ஸ் ஆ) மரினா இ) சுங்கை பூலோ ஈ) சொகூர்
2. நேர்க்கால்வாய் வளைந்த ஆறாக மாற்றப்பட்டதால் நீளம் கூடியது. இதனால் நீரின் வேகம்
அ) மிகுந்தது ஆ) மாறவில்லை இ) குறைந்தது ஈ) நின்றது

குறுவினா
1. வெள்ளச் சமவெளி என்றால் என்ன?
2. கற்காரைக் கரைக்கும் உயிர்க்கரைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.

சிறுவினா
1. நீர்நாய்களின் வருகை எதற்குச் சான்றாகிறது? விளக்குக.
2. 'திறந்த கரை, அறிந்த மக்களை வேண்டி நிற்கிறது' – இத்தொடரின் பொருளை விளக்குக.

நெடுவினா
1. வெள்ளத்துக்கும் தாகத்துக்கும் இடையே சிங்கப்பூர் கண்ட தீர்வைக் காலாங் ஆற்றின் வழி நிறுவுக.